நாடி இல்லாத கறாரக்கா

பேருந்து நிலையத்தின் மாடியில் மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த ஓர் அறை இருந்தது. எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று அங்கிருந்து பார்த்துப் பதிவேட்டில் எழுதுவதுதான் அவளுடைய வேலை. நேரமாகியும் கிளம்பாமல் நிற்கிற வண்டியை மைக்கில் விரட்டுவாள். நியமன உத்தரவில் அவள் நேரக் காப்பாளர். ஓட்டுநர்களும் நடத்துநர்களும் வைத்த பெயர் கறாரக்கா.

இருபத்திரண்டு வருடங்களில் ஒரு நிமிடத்தைக்கூட அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. "அக்கா, ரெண்டு நிமிஷந்தானே, ஒன்பது பத்துன்னே போட்டுடுங்க" என்று கெஞ்சுவார்கள். "அந்த ரெண்டு நிமிஷத்த எங்க தொலைச்சீங்களோ அங்கயே போய்த் தேடுங்க" என்பாள் தலையை நிமிர்த்தாமலேயே. திட்டிக்கொண்டே இறங்கிப் போவார்கள். ஆனால் வேறு ஊர்க்காரன் யாராவது அவளைத் திட்டினால் சண்டைக்குப் போவதும் அவர்கள்தான்.

அந்த அறைக்குப் பதினேழு படிகள். ஐம்பத்திரண்டாவது வயதில் எட்டாவது படியில் நின்று மூச்சு வாங்க ஆரம்பித்தது. உடம்பு போட்டுவிட்டது என்று நினைத்தாள். பிறகு நாலாவது படியிலேயே நிற்க வேண்டி வந்தது. கால் வீங்கிச் செருப்பின் வார் மாட்ட முடியவில்லை. ஒரு அளவு பெரிய செருப்பு வாங்கிக்கொண்டாள். படுத்தால் மூச்சு முட்டியது. நாற்காலியில் சாய்ந்தபடி தூங்கப் பழகிக்கொண்டாள். எல்லாவற்றுக்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தாள்.

ஒருநாள் காலை மைக்கைப் பிடித்து, "பதினாலாம் நம்பர் வண்டி ஓட்டுநர் உடனடியாக..." என்றவள் அதற்கு மேல் பேசவில்லை. நிலையம் முழுவதும் ஒரு கணம் அண்ணாந்து பார்த்தது. கறாரக்கா ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டு யாரும் கேட்டதில்லை. பதினாலாம் நம்பர் ஓட்டுநர், பெரிய மீசைக்காரர், படியைத் தாவித் தாவி ஏறினார். மேசைமேல் கவிழ்ந்து கிடந்தவளைத் தூக்கித் தன் வண்டியிலேயே போட்டுக்கொண்டு, ஏறியிருந்த பயணிகளையும் சேர்த்து, நேரே ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

வழியில் அவள் கண் திறந்து கேட்டாளாம். "உங்க வண்டி எத்தன மணிக்கு எடுக்கணும்?"

"அட, சும்மா இருங்கக்கா!" என்று மீசைக்காரர் போட்ட சத்தத்தில் பின்சீட்டுக் குழந்தை அழுதுவிட்டது.

இதயத் தசை தளர்ந்துபோயிருந்தது. எப்போதோ வந்துபோன ஒரு காய்ச்சல் அதைத் தின்றுவிட்டிருக்கலாம் என்றார் இதய மருத்துவர். அவர் அவளைவிடப் பத்து வயது இளைய பெண், குட்டை முடி, சுற்றி வளைக்காத பேச்சு. ஒன்றரை வருடம் மாத்திரைகளில் ஓடியது. அதன்பிறகு மாத்திரைகளும் கைவிட்டன.

"உங்க இதயம் ஒரு துடிப்புல தள்ள வேண்டிய ரத்தத்துல கால்வாசிதாம்மா தள்ளுது. மாத்து இதயத்துக்குப் பேர் பதிஞ்சிருக்கோம். ஆனா உங்க ரத்தத்துக்குப் பொருந்தறது கிடைக்க ரொம்ப நாளாகும். அதுவரைக்கும் இது தாங்காது."

"அப்புறம்?"

"பம்பு வைக்கலாம்."

மருத்துவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மாதிரியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். உள்ளங்கைக்குள் அடங்கியது. இதயத்தின் இடப்பக்க அறையின் அடிமுனையில் இதைப் பொருத்துவார்கள். அது ரத்தத்தை இழுத்துப் பெரிய தமனிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். வயிற்றுத் தோல் வழியாக ஒரு ஒயர் வெளியே வரும். அது இடுப்பில் உள்ள சின்னக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் சேரும். பெட்டிக்கு இரண்டு பேட்டரிகள். தூங்கும்போது சுவர் மின்சாரம்.

"பேட்டரி தீர்ந்துட்டா?"

"தீர விடக்கூடாது."

"அது என்ன பதில்?"

"அதுதான் பதில்."

கறாரக்காவுக்கு அந்த மருத்துவரை அந்த நிமிடமே பிடித்துப்போயிற்று. தன்னைவிடக் கறாரான ஒருத்தியை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. மருத்துவர் எதையும் மறைக்கவில்லை. ரத்தம் உறையலாம், கசியலாம், ஒயர் வெளியே வரும் இடத்தில் சீழ் பிடிக்கலாம், அறுவை மேசையிலேயே முடிந்துபோகிறவர்களும் உண்டு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வச்சா வேலைக்குப் போலாமா?" என்றாள்.

"போறவங்க இருக்காங்க."

"வச்சிடுங்க."

ஒரு சிக்கல் இருந்தது. பம்பு வைத்தவரோடு வீட்டில் ஒருவர் இருந்தாக வேண்டும். கட்டு மாற்ற, அபாய ஒலி வந்தால் பெட்டியை மாற்ற, பயிற்சி எடுத்துக்கொண்ட ஒரு ஆள். கறாரக்காவின் கணவர் இறந்து ஒன்பது வருடம். பிள்ளை இல்லை. ஒப்புதல் படிவத்தில் உறவினர் பெயர் எழுதும் கோட்டை அவள் காலியாக விட்டாள்.

உண்மையில் உறவு ஒன்றும் காலியாக இல்லை. அவள் மாடியில் குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் கணவரின் தங்கை இருந்தாள். வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைப்பவள், தனிக்கட்டை. நாலு வருடமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மாடியில் காயப்போட்ட ஒரு கம்பளி சாயத்தோடு சொட்டி, கீழே தைத்து அடுக்கியிருந்த இருபத்துமூன்று சட்டைகள் நாசமானதில் வந்த சண்டை. அன்றிலிருந்து சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொள்வார்கள். "சில பேருக்குத் துணி பிழியவே தெரியாது" என்று கீழே சுவரிடம் ஒரு குரல் சொல்லும். "சில பேருக்குத் தையல் மெஷின் சத்தத்துல காதே போயிடுச்சு" என்று மேலே இன்னொரு சுவரிடம் பதில் போகும்.

மீசைக்காரர் போய்ச் சொன்னதும் நாத்தனார் ஒரு துணிப்பையோடு வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றாள்.

"ஏன் அண்ணி, ஒரு வார்த்த சொல்லி அனுப்பணும்னு தோணலையா?"

"நாமதான் பேசறதில்லையே."

"பேசலன்னா? சொல்லாமக் கொள்ளாமச் செத்துப்போயிடுவீங்களா? அப்புறம் நான் யார்கூடச் சண்ட போடறது?"

கறாரக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாத்தனார் காலிக் கோட்டைப் பார்த்தாள், பேனாவை எடுத்தாள், தன் பெயரை எழுதினாள்.

பயிற்சி வகுப்பு இரண்டு பேருக்கும். ஊசி கோத்துப் பழகிய விரல்கள் நாத்தனாருக்கு. முகத்துக்கு உறை, கைக்கு உறை மாட்டி, ஒயர் வரும் இடத்தைத் துடைத்துக் கட்டுப்போட முதல் தடவையிலேயே கற்றுக்கொண்டாள். பேட்டரி மாற்றுவதில் ஒரே ஒரு சட்டம். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றக் கூடாது. ஒன்றைக் கழற்றி, புதியதை மாட்டி, பச்சை விளக்கு வந்த பிறகுதான் அடுத்தது. பரீட்சையில் நாத்தனார் தேறினாள். கறாரக்கா பச்சை விளக்குக்குக் காத்திருக்காமல் அடுத்ததில் கை வைத்துத் தோற்றாள்.

"ரெண்டு செகண்டு முன்னாடிதானே கழட்டினேன்" என்றாள்.

"அந்த ரெண்டு செகண்ட எங்க தொலைச்சீங்களோ அங்கயே தேடுங்க" என்றாள் நாத்தனார். இந்த வசனம் கீழ்த்தளம்வரை போயிருந்தது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

அறுவை சிகிச்சை ஆறு மணி நேரம். கண் விழிக்க இரண்டு நாள் ஆனது. விழித்தபோது அவளைத் தொந்தரவு செய்தது வலி அல்ல, நெஞ்சுக்குள் இருந்த நிசப்தம். ஒன்றரை வருடமாக உள்ளே தடதடத்துத் திணறிக்கொண்டிருந்த ஒன்று அடங்கிப்போயிருந்தது. நர்ஸ் காது வைத்துக் கேட்கச் சொன்ன குழாயில் 'லப் டப்' எதுவும் இல்லை. தூரத்தில் ஒரு தேனீ ஓயாமல் பறப்பது போல ஒரு ரீங்காரம் மட்டும் கேட்டது. ரத்தம் அலை அலையாக வராமல் ஒரே சீராக ஓடுவதால் மணிக்கட்டைப் பிடித்தால் நாடி தட்டுப்படாது என்றார்கள். அவள் ராத்திரி பகலாகத் தன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து ஓய்ந்தாள். உயிரோடு இருப்பதற்கு அடையாளமாக இதுவரை எதை நம்பியிருந்தாளோ அது இல்லை. ஆனால் பத்தாம் நாள் கால் வீக்கம் வடிந்து கணுக்கால் எலும்பு தெரிந்தது. அதைத் தொட்டுத் தொட்டுச் சிரித்தாள். மூன்றாம் மாதம் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் இருபது படிகள், நிற்காமல்.

அதற்கப்புறம்தான் உண்மையான மல்லுக்கட்டு ஆரம்பித்தது.

மருத்துவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்ப வேண்டுமானால் போக்குவரத்துக் கழகத்தின் மருத்துவ அலுவலர் தகுதிச் சான்று தர வேண்டும். கறாரக்கா சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே போய் உட்கார்ந்தாள். ரத்த அழுத்தக் கருவி அவள் கையை இறுக்கிப் பிடித்து, யோசித்து, பிழை என்று காட்டியது. நர்ஸ் வேறு கருவி கொண்டுவந்தாள். அதுவும் பிழை. மூன்றாவது கருவியும் கையை விரித்ததும் மருத்துவ அலுவலரே வந்தார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த மனிதர், வம்பில் மாட்டிக்கொள்ள விரும்பாதவர். வலது மணிக்கட்டைப் பிடித்தார். இடது மணிக்கட்டைப் பிடித்தார். கழுத்தில் இரண்டு விரலை வைத்தார். அவர் நெற்றியில் வேர்த்தது.

"அம்மா, இந்தப் படிவத்துல நாடின்னு ஒரு கட்டம் இருக்கு. அறுபதுலேர்ந்து நூறுக்குள்ள ஒரு எண்ணு வேணும். நான் என்னத்த எழுத?"

"கைக்குத் தட்டுப்படலன்னு எழுதுங்க. ரத்த அழுத்தம் பாக்க வேற கருவி இருக்கு, என் ஆஸ்பத்திரி சீட்டுல இருக்கு பாருங்க."

"அப்படியெல்லாம் எழுத வழியில்லம்மா."

அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். "இந்தப் பம்புக்குச் செலவு தரலாம்னு கையெழுத்துப் போட்டது யாரு? உங்க கழகந்தானே? அதே முத்திரைதானே?"

"அது வேற பிரிவு."

எட்டு நாள் கழித்துக் கடிதம் வந்தது. மருத்துவக் காரணங்களால் பணிக்குத் தகுதியற்றவர். கட்டாய ஓய்வு. ஆட்சேபனை இருந்தால் அறுபது நாளுக்குள் மருத்துவக் குழுவிடம் முறையிடலாம்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். மறுபிறவி எடுத்திருக்கிறாய், இனி வீட்டில் நிம்மதியாக இரு என்றார்கள். "நிம்மதியா இருக்கறதுக்கா நெஞ்சப் பொளந்துக்கிட்டேன்?" என்று கேட்டு அவர்களை வழியனுப்பினாள்.

முறையீட்டை எழுதி அனுப்பிவிட்டு, மறுநாள் காலை முதல் ஷிப்டுக்குக் கிளம்பினாள். இரண்டு பேட்டரிகளும் தோள்பட்டையின் இருபுறமும் உறைகளில், மாற்றுப் பேட்டரியும் மாற்றுப் பெட்டியும் ஒரு பையில். நேரக் காப்பாளர் அறைக்குப் போகவில்லை. அதற்கு எதிரே, கீழே பயணிகள் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து, கோடு போட்டு, முதல் வண்டி நுழைந்த நேரத்தை எழுதினாள். அன்று ஷிப்டு முடியும்வரை எழுதினாள். அடுத்த நாளும் வந்தாள். நாத்தனார் தையல் வேலையைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் தைத்தாள்.

மூன்றாம் நாள் கிளை மேலாளர் இறங்கி வந்தார்.

"இங்கெல்லாம் உக்காரக் கூடாதும்மா."

"ஏன்? நான் பயணி. வண்டிக்குக் காத்திருக்கேன்."

"எந்த வண்டிக்கு?"

"இன்னும் முடிவு பண்ணல."

நாத்தனார் வாயில் வைத்திருந்த நூல் தெறித்து விழச் சிரித்தாள். மேலாளர் மேலே போய்விட்டார்.

ஓட்டுநர்கள் பழக்க தோஷத்தில் பெஞ்சுக்கே வந்து நேரம் சொன்னார்கள். "அக்கா, ஏழு நிமிஷம் லேட்டு, பாலத்துல நெரிசல்" என்று மீசைக்காரர் வந்து நிற்பார். "பாலம் நேத்தும் அங்கதான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு ஏழு என்று எழுதுவாள். மேலே அவள் இடத்தில் போட்டிருந்த புது ஆளுக்கு வேலை சுலபம். காலை பத்து மணிக்கு அட்டவணையைப் பார்த்து அன்றைய நாள் முழுவதற்கும் நேரத்தை எழுதி முடித்துவிட்டுச் செய்தித்தாளை விரிப்பார். பெஞ்சிலிருந்தே கண்ணாடி வழியாக அவளுக்கு எல்லாம் தெரிந்தது. நாற்பத்தொரு நாள் ஒரு நாள் விடாமல் வந்தாள்.

மருத்துவக் குழுவில் மூன்று பேர். நடுவில் தலைவர், ஒரு பக்கம் மூக்குக்கண்ணாடி போட்ட பெண் மருத்துவர், இன்னொரு பக்கம் நாடி பார்த்து வேர்த்த அதே மருத்துவ அலுவலர். கழகத்தின் சார்பில் கிளை மேலாளர். நாத்தனாரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

"உங்க மேல எங்களுக்கு அனுதாபந்தாம்மா" என்று தலைவர் ஆரம்பித்தார். "ஆனா விதின்னு ஒண்ணு இருக்கு. நாடித் துடிப்பு இல்லாத ஒருத்தருக்கு..."

"சரிங்க. அப்ப எனக்கு ஒரு உபகாரம் பண்ணுங்க. நாடி இல்ல, அதனால இவ செத்துட்டான்னு எழுதி மூணு பேரும் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நான் வாங்கிட்டுப் போயிடறேன்."

"அதெப்படிம்மா..."

"உயிரோட இருக்கேன்னா வேலைக்கு எடுங்க. இல்லன்னா செத்ததுக்குச் சான்று குடுங்க. நடுவுல ஒண்ணு இருக்கா? நீங்கதான் டாக்டருங்க, சொல்லுங்க."

பெண் மருத்துவர் குனிந்து பேனாவைத் தேடுவது போலச் சிரிப்பை மறைத்தார். அந்த நேரம் பார்த்து கறாரக்காவின் இடுப்பிலிருந்து பீப் பீப் என்று சத்தம் வந்தது. மருத்துவ அலுவலர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். "ஆம்புலன்ஸ்! யாராவது ஆம்புலன்சுக்குச் சொல்லுங்க!"

"உக்காருங்க சார், பேட்டரி கம்மியாயிருக்கு, அவ்ளோதான்." கறாரக்கா பையைத் திறந்தாள். கைகள் தம் பாட்டில் வேலை செய்தன. ஒன்றைக் கழற்றினாள், புதியதை மாட்டினாள், பச்சை விளக்கு வரும்வரை நிறுத்தினாள், அடுத்ததைக் கழற்றினாள். பேச்சை மட்டும் நிறுத்தவில்லை. "என் வேலை என்ன? வண்டி ஓட்டறதா? மூட்டை தூக்கறதா? உக்காந்து பாத்து உள்ளத உள்ளபடி எழுதறது. அதுக்கு நாடி எதுக்கு? கண்ணும் மனசாட்சியும் போதாதா?"

நோட்டுப் புத்தகத்தை மேசைமேல் வைத்தாள். "நாப்பத்தோரு நாள். கீழ பெஞ்சுல உக்காந்து எழுதினது. முறையீட்டுல நான் கேட்டபடி மேலாளர் கொண்டாந்திருக்கற பதிவேட்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க."

மேலாளர் இது சம்பந்தமில்லாத விஷயம் என்று ஏதோ சொல்ல வந்தார். தலைவர் கையமர்த்திவிட்டு நோட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் அவர் விரல் நின்றது. அது பேய்மழை பெய்து பிரதான சாலையே மூழ்கிய நாள்.

"அன்னிக்கு வண்டியெல்லாம் எப்ப வந்துச்சுன்னு உங்க பதிவேட்டுல இருக்கு?" என்று மேலாளரைக் கேட்டார்.

மேலாளர் கொண்டுவந்திருந்த பதிவேட்டைத் திறந்தார். மூக்குக்கண்ணாடிக்காரர் எட்டிப் பார்த்து, "தொண்ணூத்தெட்டு வண்டியும் சரியான நேரத்துக்கு வந்திருக்கே!" என்றார்.

"நான் அந்தத் தண்ணியில ஒண்ணேகால் மணி நேரம் பஸ்சுக்குள்ள நின்னேன்" என்றார் தலைவர்.

அதற்குப் பிறகு அதிக நேரம் ஆகவில்லை. நிபந்தனைகள் போட்டார்கள். பகல் ஷிப்டு மட்டும், அறையில் அவளுக்கென்று ஒரு தனி மின் இணைப்பு, உடன் வேலை செய்கிற ஒருவருக்குப் பெட்டி மாற்றப் பயிற்சி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரி அறிக்கை. மருத்துவ அலுவலர் தானே நாடிக் கட்டத்தை நிரப்பினார்: 'தொட்டு உணர இயலாது. இயந்திரத்தால் ரத்த ஓட்டம் சீராக உள்ளது.'

வெளியே வந்ததும் நாத்தனார் பையை வாங்கிப் பார்த்தாள். "அண்ணி, இன்னிக்கு மாட்டிக்கணும்னு நேத்து ராத்திரி முழுசா சார்ஜ் ஏத்தி வச்ச ரெண்டு பேட்டரியும் பைக்குள்ள இருக்கறத காலையில பாத்தேன். நீங்க பாதி தீர்ந்தத மாட்டிக்கிட்டு வந்தீங்களா?"

கறாரக்கா பையைத் திரும்ப வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"வேணும்னே பண்ணினீங்க, இல்ல?"

"நட, பசிக்குது."

"டாக்டரம்மாகிட்ட சொல்றேன் இருங்க!"

சொல்லவும் சொன்னாள். மருத்துவர் கால்மணி நேரம் திட்டினார். அந்தத் தவறைக் கறாரக்கா மறுபடி செய்யவில்லை.

உடன் வேலை செய்கிறவருக்குப் பயிற்சி என்றதும் முதல் ஆளாகக் கை தூக்கியவர் மீசைக்காரர். அவர் ஓட்டுநர், பாதி நேரம் சாலையில் இருப்பவர் என்று யார் சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் அவரோடு மைக் பழுது பார்ப்பவருக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார்கள்.

எல்லாம் சுமுகமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. அடுத்த வருடம் ஒயர் வெளியே வரும் இடத்தில் சீழ் பிடித்து மூன்று வாரம் படுத்தாள். இரண்டு நாள் காய்ச்சலில் அவளுக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை. அப்போதும் மேலாளர் போனில், "உடம்பப் பாத்துக்கங்க, இனிமேலாவது ஓய்வு..." என்று இழுத்தபோது, "என் நாற்காலிய யாரும் நகத்தாம பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள். இன்றைக்கும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, அதற்கு ரத்தப் பரிசோதனை, ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு. கட்டுப் போடும்போது முகத்தை மூடிக்கொண்டு பேசாமல் இருக்க வேண்டும் என்பதால், அந்தப் பத்து நிமிடம்தான் வீட்டில் அமைதி.

போன மாதம் மருத்துவர் பதிவுப் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சொன்னார். அவள் பெயர் மேலே ஏறியிருந்தது. பொருத்தமான இதயம் இனி எந்த நாளும் கிடைக்கலாம், போன் வந்தால் நாலு மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும்.

"பம்பு நல்லாதானே ஓடுது டாக்டர்?"

"ஓடுது. அதனால வேண்டாங்கறீங்களா?"

பக்கத்தில் நாத்தனார் கறாரக்காவின் முகத்தையே பார்த்தாள்.

"வேண்டாங்கல. பேர் இருக்கட்டும். கூப்பிட்டா வரேன்" என்றாள். "ஆனா வர்ற திங்கக்கிழம மட்டும் கூப்பிட்டுடாதீங்க. அன்னிக்குப் புது கால அட்டவணை அமலுக்கு வருது. முதல் நாளே எல்லாரும் ஏமாத்தப் பாப்பாங்க."

மருத்துவர் பட்டியலை மூடிவிட்டு, "அது என் கையில இல்லம்மா" என்றார்.

"தெரியும். சொல்லி வச்சேன்."

திங்கட்கிழமை அவளுக்கு எந்தப் போனும் வரவில்லை. நூற்றிரண்டு வண்டிகள் வந்துபோயின. அவற்றில் பத்தொன்பது தாமதம்.